வளவுக்குள் வந்த பாம்பு மலைப்பாம்புதானா என்று அறியும் முறை

பத்தரமுல்லை, தலவத்துகொடை, அத்திடியப் பக்கங்களில் சதுப்பு நிலத்தை ஒட்டிக் குடியிருப்போர், அடைமழை ஓய்ந்த காலையில் கானிலோ கோழிக்கூட்டிலோ தடித்த பாம்பொன்று சுருண்டு கிடப்பதைக் காண நேரலாம். ஈரநில நகரமென 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற கொழும்பில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

குறைந்தது 3 மீற்றர் விலகி நின்று, கைபேசிக் கமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பருமனை மட்டும் நம்பக்கூடாது. 2 மீற்றருக்கு மேல் நீண்ட, திட்டுத்திட்டான உடல் மலைப்பாம்புக்கே உரியதென்றாலும், அதன் குட்டியைக் கொடிய நஞ்சுள்ள கண்ணாடிப் புடையனிலிருந்து (கண்ணாடி விரியன்) பிரித்தறிவது எளிதன்று. புடையனின் முதுகில் கருவிளிம்புடைய நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஓடும். செதில்கள் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். மலைப்பாம்பின் திட்டுகளோ கிழித்து ஒட்டிய துணித்துண்டுகள்போல் ஒழுங்கற்றவை. செதில்கள் வழுவழுப்பாக மினுங்கும். உச்சந்தலையில் ஈட்டிமுனை வடிவக் குறி தெரியும். படம் தெளிவாக இருந்தால் மேலுதட்டில் சிறு குழிகளையும் காணலாம். இரையின் உடற்சூட்டை இருளிலும் உணர்வது அவற்றால்தான். சீறலை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டுமே உரக்கச் சீறும். ஐயம் தீராவிட்டால் புடையன் என்றே கொள்ளுங்கள்.

வயிறு புடைத்துக் கிடக்கும் மலைப்பாம்பைத் தடியால் சீண்டினால், அது விழுங்கிய இரையைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். பல நாள் உணவு அதற்கு வீணாகும். முட்டைகளைச் சுற்றிக்கொண்டு உடல் துடிதுடிக்கக் கிடக்கும் பெண் பாம்பை நோயுற்றதென எண்ணிவிடாதீர்கள்: தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கிச் சூடுண்டாக்கி, ஏறத்தாழ இரண்டு மாதம் அது அடைகாக்கிறது. பாம்பினத்தில் இது அரிய வழக்கம். பார்க்கக் கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்பேன்.

பிள்ளைகளையும் நாயையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இடத்தையும் உத்தேச நீளத்தையும் சொல்லுங்கள். மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அடிப்பதும் பிடித்து வைப்பதும் குற்றம். அவர்கள் வரும்வரை ஒருவர் தள்ளி நின்று பார்வையை எடுக்காதிருந்தால் போதும், சதுப்புப் பக்கத்து வழியை மட்டும் மறிக்க வேண்டாம்.

மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. ஆயினும் அதன் பற்கள் உட்புறம் வளைந்தவை என்பதால், கடித்த நிலையில் கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும். கடித்தது எதுவென்று உறுதியில்லையேல், கட்டுப் போடாமல், கீறாமல், உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.