பக்கெட்டைக் கழற்றி வேறொன்று மாட்டும் முன்: எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்கவேட்டர் பக்கெட்டோடு மண் அள்ளுவதற்கென்று உருவான வண்டி. அதில் பாறை உடைக்கும் பிரேக்கர், கட்டையைக் கவ்வித் தூக்கும் கிராப்பிள், மரத்தை அரைத்துத் தள்ளும் மல்ச்சர், வேரை வாரி இழுக்கும் ரேக் என்று எதை மாட்டினாலும் வண்டியின் எடை எங்கே விழுகிறது, எண்ணெய் எவ்வளவு ஓடுகிறது, ஆபரேட்டருக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற மூன்றும் மாறிவிடும். பழுது வந்ததும் "பிரேக்கர் மட்டம்" என்றோ "வண்டி பழசு" என்றோ சொல்லிவிடுகிறோம். பல நேரம் தவறு, அதை மாட்டிய அன்றே நடந்து முடிந்திருக்கும்.

முதலில், வேலைக்குப் பொருந்தாத கருவியை எடுத்துப் போவது. சீமைக் கருவேலம் இதற்கு நல்ல உதாரணம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கண்மாய்களிலும் தரிசுகளிலும் இது மண்டிக் கிடக்கிறது. அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே பலமுறை உத்தரவிட்டிருப்பதால் வண்டிகளுக்கு வேலையும் நிறைய. மல்ச்சர் மாட்டி ஓட்டினால் ஒரே நாளில் இடம் சுத்தமாகத் தெரியும், பார்ப்பவர்களும் அசந்து போவார்கள். ஆனால் இந்த மரத்தின் உயிர் தூரில் இருக்கிறது. தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வேர் தொடங்கும் இடத்தில் மொட்டுகள் உண்டு. தண்டை அரைத்துத் தள்ளினால், அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளம்பி, முன்பைவிட அடர்ந்த புதராகிவிடும். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் மரம் எடுப்பவர்கள் தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுப் போனாலும் இதே கதைதான்.

தூரோடு எடுக்க வேண்டுமென்றால் முதலில் சுற்றிலும் மண்ணைத் தளர்த்த வேண்டும். அதற்கு ஒற்றைப் பல் ரிப்பரோ குறுகலான பக்கெட்டோ போதும். அப்புறம் ரேக்கால் இழுத்து, உதறி எடுக்கலாம். ரேக்கின் பல் இடைவெளியில் மண் கீழே விழுந்துவிடும். சாதாரணப் பக்கெட்டால் அள்ளினால் வேரோடு மேல்மண்ணும் குவியலுக்குப் போய், நிலத்தில் பள்ளம்தான் மிஞ்சும். கண்மாய்க் கரையில் நிற்கும் மரம் தனி விஷயம். அங்கே தூரைப் பிடுங்கிவிட்டுக் குழியை அப்படியே விட்டால் தண்ணீர் கசிய நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நல்ல மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் நகர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள். அந்தக் கரையை நம்பி ஓர் ஊர் இருக்கிறது.

மல்ச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோரம், மின்கம்பித் தடம், தீத்தடுப்புக் கோடு போன்ற இடங்களில், தூர் மண்ணில் இருந்தாலும் பரவாயில்லை என்றால் அதைவிட வேகமான கருவி கிடையாது.

எண்ணெய்க் கணக்கைப் பார்க்காமல் மாட்டுவது

20 டன் வகை வண்டியில் பொதுவாக இரண்டு பம்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர் தள்ளும். அதே வகைக்கான பிரேக்கர் பெரும்பாலும் 120 முதல் 180 லிட்டர் வரைதான் கேட்கும். "அதிகம் கொடுத்தால் வேகமாக உடைக்கும்" என்று முழு ஓட்டத்தையும் திறந்துவிடுபவர்கள் உண்டு. அடி வேகமாக விழும், உண்மைதான். கூடவே எண்ணெய் சூடேறும், சீல் கருகும், பிஸ்டன் தேயும். வேலை தொடங்கும் முன் மெக்கானிக்கை வரவழைத்து, ஃப்ளோ மீட்டர் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள லிட்டருக்கும் பாருக்கும் (அழுத்த அளவு) அமைத்துக்கொள்வதுதான் சரி. காது கேட்கும் சத்தத்தை வைத்து அமைக்கக் கூடாது.

திரும்பி வரும் லைனைப் பலர் கவனிப்பதே இல்லை. பிரேக்கரிலிருந்து வரும் எண்ணெய் ஃபில்டர் வழியாக நேரே டேங்குக்குப் போக வேண்டும். சிறிய ஹோஸ், நெளிந்த பைப், பாதி திறந்த வால்வு என்று வழியில் எது தடுத்தாலும் பின்னழுத்தம் ஏறி, அடி பலவீனமாகும். பிரேக்கருக்கு எண்ணெய் ஒரு வழியில் ஓடினால் போதும். கிராப்பிளுக்கு இரு வழியிலும் ஓட வேண்டும். ஒரே லைனை இரண்டுக்கும் பயன்படுத்தும் வண்டிகளில் இதை மாற்ற ஒரு வால்வு இருக்கும். கருவியை மாற்றியவர் வால்வை மாற்ற மறப்பது வாடிக்கை.

மல்ச்சர் மோட்டாரில் பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு சிறிய ஹோஸ் இருக்கும். அதுதான் கேஸ் டிரெய்ன். மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை அழுத்தமில்லாமல் டேங்குக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அதை மாட்டாமல் விட்டாலோ, பெரிய லைனோடு சேர்த்துவிட்டாலோ, மோட்டாரைச் சுற்றவிட்ட கொஞ்ச நேரத்திலேயே ஷாஃப்ட் சீல் பிய்ந்துவிடும். சின்ன ஹோஸ்தானே என்று அலட்சியமாக விடுவது பெரிய செலவில் முடியும்.

வாடகைக் கருவியில் இன்னொரு வம்பும் உண்டு. முந்தைய வண்டியில் பம்ப் உடைந்திருந்தால் அதன் உலோகத்தூள் கருவிக்குள் தங்கியிருக்கும். மாட்டியதும் அது உங்கள் வண்டிக்குள் வந்துவிடும். ஹோஸ் முனைகள் மூடியில்லாமல் மண்ணில் கிடந்தால் அந்தக் கருவியை வாங்காதீர்கள்.

பிரேக்கரைக் கடப்பாரையாக்குவது

பிரேக்கர் உளி பாறைக்குச் செங்குத்தாக, 90 பாகையில் நிற்க வேண்டும். சாய்த்து வைத்து அடித்தால் அந்த விசை உளியை வளைத்து, உளியைச் சுற்றிப் பிடித்திருக்கும் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்னும். உடைந்த கல்லை உளியால் நெம்பித் தள்ளுவது அதைவிடக் கேடு. உளி முறிவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் அடிக்காதீர்கள். அதற்குள் பாறை விடவில்லை என்றால் இனியும் விடாது. நுனி சூடேறி மழுங்கி, பாறையில் பொடிதான் சேரும். இடத்தை மாற்றி, விளிம்பிலிருந்து உள்ளே வாருங்கள். பாறை பிளந்த நொடியே பெடலிலிருந்து காலை எடுங்கள். வெறுமனே அடிக்கும் அடி முழுக்க பிரேக்கரின் சொந்த போல்ட்டுகள் மேலேயே இறங்கும்.

கிரீஸ் வைப்பதில் நடக்கும் தவறு பலருக்குத் தெரிவதே இல்லை. பிரேக்கரை நிமிர்த்தி, உளியைத் தரையில் ஊன்றி அழுத்திய நிலையில்தான் கிரீஸ் ஏற்ற வேண்டும். தொங்கவிட்டு ஏற்றினால் உளி கீழே இறங்கியிருக்கும், பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவில் கிரீஸ் நிரம்பிவிடும். அடுத்த அடியில் பிஸ்டன் அந்தக் கிரீஸை அடிக்க, சீல் போய்விடும். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் உருகி ஓடிவிடுவதால் உளிக்கென்று விற்கும் பேஸ்ட்டை வாங்குங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வைக்க வேண்டியிருக்கும். பிரேக்கரின் தலைப்பகுதியில் நைட்ரஜன் மட்டும்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், இதில் விளையாட்டே கூடாது.

குயிக் கப்ளர்

பக்கெட்டையும் கருவிகளையும் சட்டென்று மாற்ற வண்டியின் கை முனையில் இருக்கும் பிடிதான் குயிக் கப்ளர். உயிர் போகும் தவறு இங்கேதான். பாதுகாப்புப் பின்னைக் கையால் போட வேண்டிய கப்ளர்களில், அதைப் போடாமல் வேலை தொடங்கி, பக்கெட் கழன்று விழுந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பிரிட்டனில் இப்படித் தொடர்ந்து நடந்த பிறகுதான் இந்தக் கப்ளர்கள் மீது கடும் கவனம் விழுந்தது. குயிக் கப்ளர் பாதுகாப்புக்கென்றே 2016-இல் ஐஎஸ்ஓ 13031 என்ற தரம் வந்தது.

அந்தப் பின்னைப் போடவும் எடுக்கவும் ஆபரேட்டர் கீழே இறங்கி ஏற வேண்டும். ஒரு நாளில் பலமுறை பக்கெட் மாற்றுபவருக்கு அலுப்புத்தான். ஆனாலும் வேறு வழியில்லை. மாட்டியதும் பக்கெட்டைச் சுருட்டி, தரையில் அழுத்தி, பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பிறகு இறங்கிப் போய்க் கண்ணால் பாருங்கள். கேபினில் விளக்கு எரிவதை மட்டும் நம்பக் கூடாது. எந்தக் கருவி மாட்டியிருந்தாலும் அதன் கீழே ஹெல்பர் நிற்கக் கூடாது.

எடையை மறப்பது

கட்டை தூக்கும்போது சுமை அட்டவணையைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த அட்டவணை, கவிழும் எடையில் 75 சதவீதம், ஹைட்ராலிக் தூக்கும் திறனில் 87 சதவீதம் என்ற இரண்டில் எது குறைவோ அதைத்தான் காட்டும். அதுவும் கெட்டியான சமதரைக்கு. கண்மாய்ச் சேற்றுக்கும் சரிவுக்கும் அது பொருந்தாது. வண்டியின் முன்பக்கம் தூக்கும் எடையைப் பக்கவாட்டில் தூக்க முடியாது. ஒரு டன் கிராப்பிளும் அதன் மேல் கப்ளரும் இருந்தால் அந்த எடையை முதலில் கழியுங்கள், மிச்சம்தான் கட்டைக்கு. நீளக் கை கொண்ட லாங் பூம் வண்டியில் 20 டன் வகைக்குப் பொதுவாக அரை கனமீட்டருக்கும் குறைவான பக்கெட்தான் வரும். பெரிய பக்கெட் மாட்டினால் தூர்வாரும் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் முதலில் பூமில் விரிசலைத்தான் பார்ப்பார்கள்.

கேபினும் புகையும்

மல்ச்சர் கல்லையும் மரத்துண்டையும் துப்பாக்கிக் குண்டு மாதிரி எறியும். பல தயாரிப்பாளர்கள் 90 மீட்டர் தூரத்துக்குள் ஆள் வரக் கூடாது என்கிறார்கள். வண்டியோடு வரும் சாதாரணக் கண்ணாடி இதற்கு நிற்காது. முன்னால் கனமான பாலிகார்பனேட் தகடு வேண்டும். காட்டுவேலை வண்டிகளுக்கு, மேலிருந்து விழுவதைத் தாங்கும் கூரைக்கு ஐஎஸ்ஓ 8083, உள்ளே ஊடுருவுவதைத் தடுக்கும் கம்பித்தடுப்புக்கு ஐஎஸ்ஓ 8084 என்று தனித் தரங்கள் இருக்கின்றன. பட்டறையில் கொடுத்து கேபின் தூண்களிலேயே வெல்டிங் அடிப்பது பாதுகாப்பு போலத் தெரியும். உண்மையில் தூணின் வலு குறைந்துபோகும், வண்டி கவிழ்ந்தால் தாங்காது.

காய்ந்த இலையும் முள்ளும் ரேடியேட்டரிலும் டர்போ பக்கத்திலும் வண்டியின் அடித்தகடான பெல்லி பிளேட்டிலும் சேரும். தீப்பிடிக்க இதுவே போதும். வேலை நடுவிலும் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கசியும் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கசிவைத் தேட ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். பூமைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லிவர்களை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஹோஸில் கை வைக்க வேண்டும். எண்ணெய் தோலுக்குள் போயிருந்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. அதை நம்பிக் காத்திருந்தால் விரலையே இழக்க நேரிடலாம். அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் பீய்ச்சிய ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.