கொகெய்ன் படத்த டோபமைனோட நிறுத்தாம வரையறது எப்படி

எங்க லேப் ஜூனியர்ங்க கொகெய்ன் பத்தி செமினார் எடுத்தா டோபமைன்ல (மூளைல ஆசைய கிளப்பற ரசாயனம்) ஆரம்பிச்சு டோபமைன்லயே முடிச்சுடறாங்க. நானும் அப்படித்தான், வைவால ஒரு மேடம் "டோபமைன் அன்னிக்கே வடிஞ்சுடுதேம்மா, மாசக்கணக்குல ஆனப்புறமும் ஏன் ஏக்கம் வருது"ன்னு கேட்டாங்க, ஃபேன் சுத்தறத பாத்துட்டு நின்னேன். அதனால நாளைக்கு எக்ஸாம வச்சுக்கிட்டு தரமணி டீக்கடைல நோட்ட பிரிக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கொகெய்ன் மூளைல செய்யறத படமா வரைய ஒரு ஏ4 பேப்பர படுக்க போட்டு அடில ஒரு கோடு இழுத்து நிமிஷம், நாள், மாசம்னு குறிச்சுக்கோங்க. எல்லாத்தையும் ஒரே செல்லுக்குள்ள திணிச்சா காலைல வேளச்சேரி டிரெயின் மாதிரிதான் இருக்கும்.

நிமிஷம் ஈஸி. வெளில வந்த டோபமைன திரும்ப செல்லுக்குள்ள இழுக்கற டிரான்ஸ்போர்ட்டர கொகெய்ன் அடைக்கும், ஆம்ஃபெட்டமின் அதையே ரிவர்ஸ்ல ஓட்டும். தேங்கின டோபமைன் டி1 ரிசப்டர்ல (செல் மேல சேதி வாங்கற புரதம்) உக்காரும், செல்லுக்குள்ள சேதி கடத்தற சைக்ளிக் ஏஎம்பி ஏறும், பிகேஏங்கற என்சைம் முழிச்சுக்கும், அது குளுட்டமேட்டுங்கற இன்னொரு சேதி ரசாயனத்த வாங்கற ஆம்பா ரிசப்டரோட க்ளூஏ1ங்கற துண்டுல, 845வது இடத்துல இருக்கிற செரின்ங்கற அமினோ அமிலத்துல பாஸ்பேட்ட ஒட்டும், அந்த ரிசப்டர் செல் மேல வந்து நிக்கறது சுலபமாகும். டோபமைன்லேர்ந்து குளுட்டமேட்டுக்கு பாலம் இதுதான், 845ஐ விட்றாதீங்க. கைல இருக்கிற டீயோட காஃபின இங்க வரையாதீங்க, அது அடினோசின் ரிசப்டர மறிக்கற ஆளு.

நாளுக்கு 2001ல மார்க் அங்லெஸ் குழு செஞ்சத போடுங்க. சுண்டெலிக்கு ஒரே ஒரு கொகெய்ன் ஊசி, மறுநாள் விடிஏங்கற நடுமூளைப் பகுதில டோபமைன் செல்லுங்கள்ல ஆம்பா கரண்ட்டுக்கும், குளுட்டமேட்ட வாங்கற இன்னொரு ரிசப்டரான என்எம்டிஏவோட கரண்ட்டுக்கும் உள்ள விகிதம் ஏறியிருக்கு, 5ம் நாள் இருக்கு, 10ம் நாள் இல்ல. அளக்கறது எப்படின்னும் கேப்பாங்க, செல்ல +40 மில்லிவோல்ட்ல பிடிச்சா என்எம்டிஏவ அடைச்சிருக்கிற மக்னீசியம் விலகிடும், மொத்த கரண்ட்ட எடுத்துட்டு என்எம்டிஏவ தடுக்கற ஏபி5 மருந்து போட்டா மிச்சம் ஆம்பா, கழிச்சா என்எம்டிஏ.

மாசம்தான் நிதானமா உக்காந்து படிக்கவேண்டிய இடம். பெரிய எலிங்க நாள்கணக்குல தானே லீவர அமுக்கி கொகெய்ன் எடுத்துட்டு, அப்புறம் நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆனா ஏக்கம் குறையறதுக்கு பதிலா ஏறுது, அப்ப ஆசையோட சம்பந்தப்பட்ட மூளைப்பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்ல, க்ளூஏ2ங்கற துண்டு இல்லாத ஆம்பா ரிசப்டருங்க வந்து சேருது. சாதாரணமா க்ளூஏ2 இருந்தா கால்சியத்த உள்ள விடாது, இதுல கதவு திறந்தே கிடக்கு. அத கண்டுபிடிக்க கரண்ட்-வோல்ட்டேஜ் கிராஃப் வரைங்க: நார்மல் ஆம்பான்னா கோடு கிட்டத்தட்ட நேரா மேல போகும், இதுன்னா பாசிட்டிவ் பக்கம் போனதும் படுத்துடும், ஏன்னா செல்லுக்குள்ள இருக்கிற ஸ்பெர்மின்ங்கற மூலக்கூறு உள்ளேர்ந்தே வந்து ஓட்டைய அடைக்குது. நான் ஒரு வாரம் முழுக்க செல்ல பிடிக்கிற கண்ணாடி பிபெட்டோட சொல்யூஷன்ல ஸ்பெர்மின் போட மறந்து ரெக்கார்ட் பண்ணேன், செல்லுக்குள்ள இருந்ததும் கரைஞ்சு பிபெட்டுக்குள்ள போயிடுச்சு, எல்லா செல்லும் சமத்தா நேர்கோடு காட்டுச்சு, அந்த டேட்டா குப்பைக்கு போச்சு. கிராஃப் பக்கத்துல ஸ்பெர்மின்னு எழுதாம விட்டா உங்க மார்க்கும் அப்படித்தான்.

ஓரத்துல இடம் இருந்தா எம்க்ளூ1ங்கற இன்னொரு குளுட்டமேட் ரிசப்டர போட்டு கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி வைங்க, அத தூண்டிவிட்டா இந்த ஆம்பாங்க செல் மேல இருந்து எடுக்கப்படுது, எலிங்களோட ஏக்கமும் தணியுது. அப்ப மனுஷனுக்கு மாத்திரை இருக்கான்னு கேட்டா, கொகெய்ன் அடிமைத்தனத்துக்குன்னு அமெரிக்க மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதிச்ச மருந்து ஒண்ணுகூட இல்லன்னு தயங்காம சொல்லிடுங்க.