மரம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: வேலூர்ப் பக்கத்து மரங்களை வைத்துச் சில குறிப்புகள்

“மரம் பார்க்கணும்னா ஊட்டி, கொடைக்கானல் போகணும். வேலூர்ல இன்னா கீது? மொட்டைப் பாறையும் வெயிலும்தான்.” இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். முதல் தவறு இதுதான். 1989-இல் பிரிவதற்கு முன்பிருந்த பழைய வடாற்காடு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாற்றங்கரை, முட்புதர் மண்டிய பாறைக் குன்றுகள், ஏலகிரி, ஜவ்வாது மலைக்காடு, சாலையோரப் புளிய மரங்கள், கோயில்களின் தலமரங்கள். எல்லாமே காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. காவலூர் வானாய்வகத்துக்கு நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள்கூட வழியெல்லாம் இருபுறமும் நிற்கிற காட்டை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

சரி, பார்க்கத் தொடங்கியவர்கள் எங்கே தவறுகிறார்கள்? ஒரு தடவை பார்ப்பது, பேர் கேட்பது, போட்டோ எடுப்பது, அத்தோடு அந்த மரத்தை முடித்துவிடுவது. கீழே சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் வருகிறவைதான்.

இலை இல்லாத மரத்தைப் பட்டுப்போன மரம் என்று நினைப்பது

மாசி, பங்குனியில் அமிர்திக்கோ ஜமுனாமரத்தூருக்கோ போய்விட்டு வந்து “காடே காஞ்சி போச்சு” என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அது வறண்ட இலையுதிர் காடு. மழை இல்லாத மாதங்களில் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தானாகவே இலையைக் கொட்டிவிடுகிறது. சிறு கிளைகளின் நுனியைக் கிட்டே போய்ப் பாருங்கள். உருண்டையாகவோ கூராகவோ மொட்டு இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது.

சொல்லப்போனால் மரம் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. புரசு பூப்பது இப்போதுதான். ஒரு இலைகூட இல்லாத கிளை முழுக்க ஆரஞ்சு நிறத்தில், கிளி மூக்கு மாதிரி வளைந்த பூ. கோங்கு மரமும் மொட்டைக் கிளையில்தான் பெரிய மஞ்சள் பூக்களை வைக்கும். முள் இலவம் சிவப்பாகப் பூக்கும். மறைக்க இலை இல்லாததால் மைனாவுக்கும் தேன்சிட்டுக்கும் அந்தப் பூ வெகு தூரத்திலிருந்தே தெரியும், நமக்கும் தெரியும். ஆடி, ஆவணியில் பச்சையாக இருக்கும்போது மட்டும் போய் வந்தவர்கள் இதில் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. கடும் கோடையில் பாலாற்று மணலில் பச்சைப் பசேலென்று நிற்பதைப் பார்த்து மகிழ்ந்துபோவது. அது பெரும்பாலும் வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. வேரை ஆழமாக விட்டு, பக்கத்தில் வேறெதுவும் எழும்பவிடாமல் பரவும் மரம். பச்சையாக இருப்பதெல்லாம் காட்டுக்கு நல்லது என்று எண்ணிவிட வேண்டாம்.

மஞ்சளாகப் பூத்ததெல்லாம் கொன்றை என்று போய்விடுவது

வேலூரில் ரோட்டோரங்களிலும் ஆபீஸ் வளாகங்களிலும் மஞ்சள் பூ மரங்கள் நிறைய. எல்லாவற்றையும் “கொன்னை மரம்” என்று சொல்லிக் கடந்துபோகிறோம். நின்று இரண்டு நிமிஷம் பார்த்தாலே மூன்று மரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

சரக்கொன்றையில் பூங்கொத்து கீழ்நோக்கித் தொங்கும், பெயரே சரம்தான். காய் முழ நீளத்தில் உருண்டையான குழலாக இருக்கும், முற்றினால் கறுத்துவிடும். உடைத்தால் உள்ளே காசு அடுக்கின மாதிரி தடுப்புகள், அவற்றில் ஒட்டிக்கொண்டு கறுப்புச் சதை. மஞ்சள் கொன்றையில் கொத்து மேல்நோக்கி நிற்கும். காய் தட்டையாக, மெலிதாக, கொத்துக் கொத்தாக இருக்கும். மூன்றாவது இயல்வாகை, பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். இதன் மொட்டைத் தொட்டுப் பார்த்தால் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வெல்வெட் போல இருக்கும். இதழ் கசங்கின துணி மாதிரி சுருங்கியிருக்கும். காய் செம்பு நிறம், தட்டை, இரண்டு முனையும் கூர். பூவே இல்லாத மாதத்திலும் தரையில் கிடக்கிற ஒரு காயை எடுத்துப் பார்த்துவிட்டு, மேலே நிமிராமலே இது இன்ன மரம் என்று சொல்லிவிடலாம்.

பூ இருக்கும்போது மட்டும் மரத்தைக் கவனிப்பதும் ஒரு தவறுதான். பூ சில வாரங்களில் முடிந்துவிடும். காயும் பட்டையும் வருஷம் முழுக்க இருக்கும்.

எது இலை என்று தெரியாமல் அடையாளம் தேடுவது

மரத்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள முயல்கிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இது. வேப்ப மரத்தில் ஒற்றை இலை என்று நாம் கிள்ளுவது உண்மையில் ஒரு பெரிய இலையின் சிறு பகுதி. ஈர்க்கும் அதில் இரண்டு பக்கமும் வரிசையாக இருப்பவையும் சேர்ந்ததுதான் ஒரு முழு இலை. எப்படித் தெரிந்துகொள்வது? காம்பு கிளையோடு சேரும் இடுக்கைப் பாருங்கள். முழு இலையின் இடுக்கில் ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். ஈர்க்கில் இருக்கும் சிற்றிலைகளின் அடியில் அப்படி மொட்டு இருக்காது.

இது தெரிந்துவிட்டால் பாதி மரங்கள் தாமே வழிக்கு வரும். வேம்பில் ஈர்க்கு ஒன்றுதான். மலைவேம்பில் ஈர்க்கிலிருந்து மறுபடி ஈர்க்குகள் கிளைக்கும். வேப்பஞ் சிற்றிலை நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்காது, அடியில் ஒரு பக்கம் இறங்கி இருக்கும், ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்டிருக்கும். திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயிலுக்குப் போனால் தலமரமான வில்வத்தைப் பாருங்கள், மூன்று சிற்றிலை சேர்ந்து ஓர் இலை. ஆனால் மூன்றாக இருந்தாலே வில்வம் என்றும் முடிவுகட்டக் கூடாது. புரசுக்கும் மூன்று, கல்யாண முருங்கைக்கும் மூன்று. உதிர்ந்த இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் வரும் வாசனையும் கிளையில் இருக்கும் முள்ளும் சேர்ந்தால்தான் வில்வம். கோயில் மரத்தில் கை வைத்துப் பறிக்காதீர்கள், அடியில் எப்போதும் நாலு இலை விழுந்துதான் கிடக்கும்.

போன் ஆப்பை முழுசாக நம்புவதும் இங்கேதான் காலை வாரும். தூரத்தில் நின்று முழு மரத்தை ஒரே ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் வருகிற பதில் வெறும் ஊகம். பட்டை, இலையின் முன்புறம், பின்புறம், காய், பூ என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். ஆப் சொல்கிற பேரை இந்த அடையாளங்களோடு ஒத்துப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

பருமனைப் பார்த்து வயசு சொல்வது

“இது ஆயிரம் வருஷத்து மரம்” என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டு. மரத்தின் மேல் உள்ள மரியாதையால் வருகிற பேச்சு என்பதால் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் பருமனை வைத்து வயசு சொல்ல முடியாது. தூங்குமூஞ்சி மரம் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்குப் பருத்து நிற்கும். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது, மளமளவென்று வளரும். அதைவிட ஒல்லியாக நிற்கிற புளிய மரம் அதைவிட மூத்ததாக இருக்கலாம். ஆலமரத்தில் கணக்கு இன்னும் சிக்கலாகும். விழுதுகள் தரையில் ஊன்றித் தாமே அடிமரமாகிவிடும், நடுவில் இருந்த பழைய அடிமரம் மக்கிப்போயிருக்கவும் கூடும்.

ஒரு மரத்தைத் தொடர்ந்து கவனிக்க நினைத்தால் வயசை விட்டுவிட்டுச் சுற்றளவை எடுங்கள். வனத்துறைக்காரர்கள் அளப்பது மார்பு உயரத்தில், தரையிலிருந்து 1.37 மீட்டரில். டெய்லர் டேப் போதும். அடுத்த வருஷம் அதே உயரத்தில் அளந்தால்தான் வளர்ச்சி தெரியும்.

பனைக்கு இந்தக் கணக்கு எதுவும் ஓடாது. அதில் ஆண்டு வளையம் கிடையாது, அடி பருத்துக்கொண்டே போவதும் கிடையாது. எல்லாப் பனையும் ஒன்றுதான் என்று பார்ப்பதும் தவறு. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் பனையில்தான் நுங்கு. ஆண் பனையில் விரல் விரலாகப் பாளை தொங்கும், காய் வைக்காது. பூக்கும் வயசு வரும்வரை, அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், எது ஆண், எது பெண் என்று தெரியாது. செய்யாறு திருவோத்தூரில் காய்க்காத ஆண் பனைகள் ஞானசம்பந்தர் பதிகம் பாடிய பின் குலை தள்ளின என்பது தலபுராணம். இந்த வேறுபாடு தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கதையின் வியப்பு முழுசாகப் புரியும்.

பனை பார்க்கிறபோது மட்டைகளின் இடுக்கையும் பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்த ஆல விதை அங்கே முளைத்து, வேரைப் பனையைச் சுற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். வருஷங்கள் போகப் போக ஆலமரத்தின் நடுவிலிருந்து பனையின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். வேலூர்ப் பக்கம் வயல் வரப்புகளில் இதைப் பார்க்கத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

சந்தன மரத்தைச் சுரண்டி முகர்வது

திருப்பத்தூர், ஜவ்வாது மலை என்றாலே சந்தனம் ஞாபகம் வரும். மரத்தைக் காட்டினால் உடனே நகத்தால் பட்டையைக் கீறி மூக்கில் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பட்டையிலும் இலையிலும் பூவிலும் அந்த வாசனை இருக்காது. அது முற்றிய மரத்தின் நடு வைரத்திலும் வேரிலும்தான். வாசனையைத் தேடுவதற்குப் பதில் பக்கத்தில் என்ன செடி, என்ன மரம் நிற்கிறது என்று பாருங்கள். சந்தனத்தின் வேர் அக்கம்பக்கத்து வேர்களில் ஒட்டிக்கொண்டு தண்ணீரையும் உப்புச்சத்தையும் உறிஞ்சும். துணை இல்லாமல் தனியாக அது நன்றாக வளராது. பூவும் பார்க்க வேண்டியது, வெளிர் மஞ்சளாக மலர்ந்து போகப் போக அடர் சிவப்பாகும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க வேண்டாம். சந்தனம் இருக்கும் காட்டில் தனியாகத் திரிகிறவரைச் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

தெரிந்தவர்களைக் கேட்காமல் இருப்பது

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. ஆடு மேய்க்கிறவர், பனை ஏறுகிறவர், ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் என்று மரம் தெரிந்தவர்கள் கண்முன்னே இருக்க, நாம் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். கேட்கிறபோதும் பேரோடு நிறுத்திவிடுகிறோம்.

“இது இன்னா மரம் தாத்தா?”

“துரிஞ்சிப்பா.”

இங்கே “நன்றி” சொல்லிவிட்டு நடந்துவிடாதீர்கள். “எதுக்கு ஆவும் தாத்தா?” என்று கேளுங்கள். தழையைக் காயவைத்து இடித்தால் அரப்பு, தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம், ஆடும் விரும்பித் தின்னும் என்று பேச்சு நீளும். தெற்கே உசிலை என்று சொல்வது இதைத்தான். அதேபோல ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்த வயசானவர்களைக் கேட்டால் ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் எல்லாம் தோல் பதனிட எப்படி வந்து இறங்கின என்று சொல்வார்கள். ரசாயனப் பதனீடு வருவதற்கு முன் இந்த ஊர்களின் பிழைப்பே மரப்பட்டையை நம்பித்தான் இருந்தது.

அன்பால் செய்யும் கெடுதல்

அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் மேடை கட்டினால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. ஆணி அடித்துப் போர்டு மாட்டினால் அந்தக் காயத்தின் வழியாகப் பூச்சியும் பூஞ்சையும் ஏறும். மரம் உயர உயர ஆணியும் மேலே போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. மரம் உயர்வது நுனியில்தான், அடித்த ஆணி அடித்த உயரத்திலேயே உள்ளே புதையும்.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற புளிய மரத்தை. ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்து, நம் குழம்புக்குள் நிரந்தரமாகக் குடியேறிய மரம். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். சித்திரை வாக்கில் இளம் தளிர். ஆனி, ஆடியில் பூ. சின்னதாக இருப்பதால் பலர் பார்த்ததே இல்லை, மஞ்சள் இதழில் சிவப்புக் கோடு ஓடும். மழைக்காலத்தில் பச்சைக் காய். பொழுது சாய்ந்த பிறகு போனால் சிற்றிலைகள் மடிந்திருக்கும். தை முதல் பங்குனி வரை பழம். சாலையோர மரங்களில் நம்பர் எழுதியிருந்தால் அவற்றின் மகசூல் ஏலம் போயிருக்கலாம். அந்த மாதங்களில் உலுக்குகிற ஆட்கள் மேலே இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அடியில் போங்கள்.