எக்ஸல் ஹவுசிங்கில் விரிசலா? வீட்டிலேயே வெல்டிங் செய்ய ஒரு விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஓடும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளுக்குப் பின் எக்ஸல் ஹவுசிங்கில், அதாவது பின் சக்கரத் தண்டுகளை மூடியிருக்கும் இரும்புக் கூட்டில், ஸ்பிரிங் உட்காரும் சீட்டின் ஓரம்தான் பலவீனமான இடம். செம்பனைக் குலையையும் உர மூட்டையையும் அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு செம்மண் சடக்கில் குதித்துக் குதித்துப் போனால் அங்கேதான் விரிசல் விடும். முதலில் எண்ணெய் ஈரம் தெரியும், அதில் தூசு ஒட்டிக் கறுத்த கோடாக மாறும். எங்கள் வண்டியிலும் அதே கோடு. வீட்டுப் பட்டறையில் சரிசெய்தேன், இன்றும் லிந்தாங் பக்கம் சுமையோடு ஓடுகிறது. கேட், ஜன்னல் கம்பி என்று வெல்டிங் ராடு பிடித்துப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதைத் தொடவே கூடாது

ஸ்பிரிங் பட்டையில் வெல்டிங் வேண்டாம். எஸ்யூபி9 வகைப் பட்டை இரும்பில் கார்பன் 0.52 முதல் 0.60 விழுக்காடு வரை இருக்கும். வெல்டிங் சூட்டில் காய்ந்து சட்டென்று ஆறும்போது வெல்டிங் கோட்டை ஒட்டிய பகுதி கடினமாகி, வளையும் தன்மையை இழந்துவிடும். அடுத்த பள்ளத்தில் முறியும். எக்ஸல் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), யூ-போல்ட் (ஸ்பிரிங்கை எக்ஸலோடு கட்டும் போல்ட்) எதற்கும் இதே கதைதான். அலுமினிய ஆர்ம் சூட்டில் வலுவை இழக்கும். ஷாக் அப்சார்பர் எண்ணெயும் வாயுவும் அடைத்த உருளை, அதன் உடம்பில் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) பட்டால் வெடிக்கும்.

சக்கரத்தைத் திருப்பும் பாகங்களான ஸ்டியரிங் நக்கிள், டை ராடு, டிராக் லிங்க் மூன்றையும் ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) பார்த்து மாற்றிவிடுங்கள். அவை விட்டால் வண்டி கையில் நிற்காது. தோட்டத்து வண்டியில் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள்.

வெல்டிங் செய்யக்கூடியவை: தகட்டில் அழுத்திச் செய்த எக்ஸல் ஹவுசிங், ஸ்பிரிங் சீட், ஷாக் பிராக்கெட், ஸ்பிரிங் ஹேங்கர். கேமரன் மலைப் பக்கம் பழைய லேண்ட்ரோவர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் வார்ப்பும் இரு பக்கமும் சொருகிய குழாயுமாக வரும் சாலிஸ்பரி வகை எக்ஸலில், வார்ப்போடு குழாய் சேரும் இடம் வேறு விதமான வேலை. அதை வார்ப்பு வெல்டிங் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கழற்றுவது

பேட்டரி ஒயர், சக்கரம், ஷாஃப்ட், டிஃப் (எக்ஸல் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கியர்) எல்லாம் வெளியே வரவேண்டும். சக்கரத்தோடு சூடேற்றினால் டயர் வெடிக்கும் ஆபத்து உண்டு. எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தேய்த்த இரும்பில் மாட்டுங்கள். சேஸிஸில் எங்கேயோ மாட்டிவிட்டு இங்கே ராடு வைத்தால், கரண்ட் பேரிங் வழியாகப் போகலாம். பேரிங் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும், வண்டி ஓட ஓட ஊளையிடும்.

எண்ணெயை எடுப்பது

என்னை அதிக நேரம் மல்லுக்கட்ட வைத்தது இந்த இடம்தான். வெளியே பளபளவென்று தேய்த்துவிட்டு ராடு வைத்தாலும் கோட்டில் பொத்தல் பொத்தலாக வரும். சில சமயம் கோடு அழகாக விழுந்திருக்கும், ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் நடுவில் நீளவாக்கில் புது விரிசல்.

காரணம் கியர் எண்ணெய். டிஃபுக்கு ஊற்றும் ஜிஎல்-5 தர எண்ணெயில் கியர் பற்களைக் காப்பதற்காகக் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து கலந்திருக்கிறார்கள். கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத நாற்றம் அதனால்தான். விரிசலுக்குள் ஊறிய எண்ணெய் ஆர்க் சூட்டில் ஆவியாகிப் பொத்தல் போடுகிறது. அதிலுள்ள கந்தகம் உருகிய இரும்பில் கலந்து, இரும்பு இறுகும் கடைசி நேரத்தில் அதைப் பிளக்கிறது.

கிரைண்டரால் விரிசலைக் கொஞ்சம் திறந்து, கேஸ் தீயால் மெதுவாகச் சூடேற்றுங்கள். இரும்பு சிவக்கக் கூடாது. விரிசலின் வாயில் எண்ணெய் கொப்புளித்து வந்து, புகைந்து, பழுப்பாகக் காயும். ஆறவிட்டு, கம்பி பிரஷால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். அசிட்டோன் முழுக்கக் காய்ந்து, போத்தலைத் தூரமாக வைத்த பிறகுதான் மறுபடி தீ. ஹவுசிங்கின் உள்பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். வெள்ளைத் துணியில் பழுப்பு ஒட்டாமல் வரும்வரை விடாதீர்கள். வெல்டிங்குக்கு ஆகும் நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆகும், ஆகட்டும்.

விரிசலின் முனை

கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு விரிசல் முடிவதில்லை. சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் சேர்ந்த ஸ்பிரே செட் வாங்கி அடித்துப் பாருங்கள், உண்மையான நீளம் சிவப்புக் கோடாக எழும். இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, இடையில் 60 பாகை அளவுக்கு 'வி' வடிவில் பள்ளம் எடுங்கள். மிஞ்சிய சாயத்தையும் துடைத்துவிடுங்கள்.

ராடும் கோடும்

இதற்கு 7018 எண் கொண்ட வெல்டிங் ராடுதான். கேட் வேலைக்குப் பிடிக்கும் 6013 ராடு கையில் சுலபமாக ஓடும் என்பது உண்மை, ஆனால் ஆட்டமும் அடியும் வாங்கும் எக்ஸலுக்கு நான் அதைக் கொடுக்க மாட்டேன். நம் ஊர் ஈரக்காற்றில் 7018 சீக்கிரம் நீர் கோர்க்கும். முறையாக உலர்த்த 260 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், வீட்டு அடுப்பில் அது நடக்காது. அதனால் காற்றுப் புகாத சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்த கையோடு பயன்படுத்துங்கள். 2.6 மில்லிமீட்டர் ராடுக்கு 70 முதல் 100 ஆம்பியர், டிசி, ராடு பாசிட்டிவில்.

ஒரே மூச்சில் இழுத்துவிடாதீர்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, பிறகு வேறு இடம், ஆறியதும் மறுபடி இங்கே. ஒரு பக்கமே சூடேறினால் ஹவுசிங் அந்தப் பக்கமாக வளையும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது.

மேலே தகடு வைத்து வலுப்படுத்த நினைத்தால், ஹவுசிங்கைவிடக் கனமான தகடு வேண்டாம். முனைகளை டைமண்ட் வடிவில் கூராக வெட்டுங்கள். நேராக வெட்டிக் குறுக்கே கோடு போட்டால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டை ஒட்டியே வரும்.

சோதனை

வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவி வையுங்கள். பொத்தல் இருந்தால் சுண்ணாம்பில் ஈரப் பொட்டு தெரியும். பிறகு மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு டிஃபை மாட்டி, ஷாஃப்டைக் கையால் தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஹவுசிங் வளைந்திருக்கிறது, அப்படியே ஓட்டாதீர்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்களில் ஒருவர், அசிட்டோனுக்குப் பதில் பிரேக் கிளீனர் போதாதா என்று கேட்டார். டப்பாவில் குளோரின் சேர்ந்த வகை என்று இருந்தால் வெல்டிங் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி ஆர்க்கின் சூட்டிலும் ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், உயிரையே எடுக்கக்கூடியது.

இன்னொருவருக்கு ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டிருக்கிறது. யூ-போல்ட் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங் சீட்டில் ஆட்டம் வந்து ஹவுசிங்கை மென்றுகொண்டே இருக்கும். ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் நேராக எக்ஸலில் இறங்கும். இரண்டையும் பாருங்கள். புது யூ-போல்ட் போட்டு, சில நாள் சுமையோடு ஓட்டியபின் மறுபடி முறுக்குங்கள்.