எக்சோசோமும் லிப்போசோமும் உண்மையிலேயே ஒட்டினவா?

லிப்போசோம் என்பது ஆய்வகத்தில் நாம் செய்யும் நுண்ணிய கொழுப்புப் பை. அதில் மருந்தை நிறைய ஏற்றலாம், ஆனால் அதற்குச் செல்லின் முகவரி தெரியாது. செல்களே வெளிவிடும் அதுபோன்ற பையான எக்சோசோமுக்கு முகவரி தெரியும், ஆனால் கிடைப்பதோ சொற்பம். இரண்டையும் ஒன்றாக்க எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, "செல்களுக்கு என்ன சீரம் ஊற்றினாய்?" என்பதுதான். மாட்டுக் கன்றுச் சீரத்திலேயே எக்சோசோம்கள் ஏராளம். இது தெரியாமல் ஆறு வாரம் மாட்டுச் சரக்கைச் சேகரித்தவன் நான். சேகரிப்பதற்கு இரண்டு நாள் முன்பே சீரம் இல்லாத ஊடகத்துக்கு (செல்கள் வளரும் திரவத்துக்கு) மாறிவிடுங்கள்.

எக்சோசோம் கலந்த அந்த ஊடகத்தை 300, 2,000, 10,000 ஜி (புவியீர்ப்பைப்போல் அத்தனை மடங்கு விசை) என்று படிப்படியாகச் சுழற்றிக் கழிவை நீக்கிய பின், 1,00,000 ஜி-யில் 70 நிமிடம். படிவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சாய்ந்த சுழலியில் குழாயை வைக்கும்போதே வெளிப்பக்கச் சுவரில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். படிவு அந்தப் பக்கத்து அடியில்தான் இருக்கும்.

லிப்போசோம் செய்வது எளிது. குளோரோஃபார்மில் கரைத்த கொழுப்பை உருண்டைக் குடுவையில் ஆவியாக்கிப் படலமாக்குங்கள். உப்புக்கரைசல் ஊற்றிக் குலுக்கினால் பால்போல் கலங்கும். அதை இருபுறமும் ஊசிக்குழல் பொருத்திய 100 நானோமீட்டர் துளைச் சவ்வு வழியே முன்னும் பின்னுமாக 11 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை எண் முக்கியம்: சவ்வைத் தாண்டாத பெரிய துணுக்குகள் தொடங்கிய ஊசிக்குழலிலேயே தங்கிவிடும்.

இணைப்பதற்கு, 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட வழிதான் எனக்குப் பிடித்தது. இரண்டையும் கலந்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அறை வெப்பத்தில் உருகவிட்டு, மறுபடி உறைய வைக்க வேண்டும். பனிப் படிகங்கள் கீறிய சவ்வுகள் உருகும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சர்க்கரை சேர்த்த கரைசல் வேண்டாம். அது சவ்வைக் காப்பாற்றி இணைப்பைக் கெடுக்கும். கீறல் வழியே உள்ளிருக்கும் மருந்தும் கசியும். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிறப் புற்றுநோய் மருந்தை முன்பே நிரப்பி, இணைத்த பிறகு ஜெல் நிரப்பிய நெடுங்குழாயில் ஊற்றிப் பாருங்கள்: துகள்கள் முதலில் இறங்கிவிட, கசிந்த மருந்து சிவப்புப் பட்டையாகப் பின்தங்கி நிற்கும். அதனால் நான் மருந்தை இணைப்புக்குப் பிறகே ஏற்றுகிறேன்.

ஒட்டியதா என்று அறிய, லிப்போசோம் செய்யும்போதே என்பிடி, ரோடமின் என்ற இரு சாயக் கொழுப்புகளைச் சேர்த்துவிடுங்கள். அருகருகே இருக்கும்வரை ரோடமின் என்பிடியின் ஒளியை விழுங்கும். எக்சோசோம் சவ்வோடு கலந்து சாயங்கள் விலகினால் என்பிடியின் பச்சை ஒளி கூடும். பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய்கள் வேண்டும்: கலந்தும் உறைய வைக்காதது ஒன்று, லிப்போசோமை மட்டும் உறைய வைத்தது ஒன்று. அவற்றிலும் அதே அளவு பச்சை கூடினால், அது இணைப்புக்குச் சான்றல்ல; அன்றைய முடிவை நோட்டில் எழுதிவைத்துவிட்டு மறுபடி படலத்திலிருந்து தொடங்குங்கள்.