பழைய புத்தகம் சேர்க்கிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய தமிழ்ப் புத்தகம் தேடி அலையும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய பேப்பரை எடைக்கு வாங்கும் ஆக்ரிக் கடையில் குந்தியிருந்து கட்டுகளைப் பிரிக்கிறார்கள், பஸ் ஏறித் திருவனந்தபுரம் பாளையம் வரைக்கும் போய் அலசுகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் ஆரம்பத்தில் செய்ததையே இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மழையில் நனைக்காதே, பக்கத்தை மடக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கையில் கிடைத்ததும் பைண்டிங்குக்குக் கொடுப்பது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். ஒரு தம்பி கோட்டாறில் எடைக்கு வந்த கட்டிலிருந்து ஓர் அம்மானைக் கதைப்பாட்டுப் புத்தகம் எடுத்து அன்றே கொண்டுவந்து காட்டினான். ரோஸ் நிறத்தில் மெல்லிய தாள் அட்டை. அதில் அச்சுக்கூடத்தின் பெயர், அணாவில் விலை, கீழே மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1085. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம் வந்துவிடும். ஆக, அது 1909-10இல் அச்சான புத்தகம். உள்ளே எந்தப் பக்கத்திலும் வருடம் கிடையாது, அந்த அட்டையில் மட்டும்தான். ஓரங்களில் யாரோ பென்சிலால் எங்கே நிறுத்திப் பாட வேண்டும் என்று சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தான். மெரூன் ரெக்ஸின், முதுகில் தங்க எழுத்து. “இப்ப நல்லா இருக்குல்லா அண்ணாச்சி?” என்றான். அட்டை இரண்டும் இல்லை, கிழிந்திருந்ததால் பைண்டர் தூக்கிப் போட்டுவிட்டாராம். மூன்று பக்கமும் கத்தியில் விட்டு வெட்டியதில் பென்சில் கோடுகள் பாதியோடு நின்றன. பக்கவாட்டில் துளை போட்டுத் தைத்ததால் உள் ஓரம் தையலுக்குள் போய், ஒவ்வோர் அடியிலும் கடைசி எழுத்தோ முதல் எழுத்தோ தெரியவில்லை. விரித்துப் பார்க்கலாம் என்று கொஞ்சம் அழுத்தினால் தாள் மடிப்பில் முறிகிறது. வருடம் இருந்த ஒரே இடம் போய்விட்டது. அதை இனி யார் எப்படிக் கண்டுபிடிப்பது?

பைண்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கணக்குப் பேரேடும் பள்ளிக்கூடப் புத்தகமும் தைப்பவர் அவர், உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. நாம்தான் சொல்ல வேண்டும். ஓரம் வெட்டக் கூடாது; அட்டை எவ்வளவு கிழிந்திருந்தாலும் உள்ளே சேர்த்தே கட்ட வேண்டும்; ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒன்றாய் மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பில் மட்டும் தைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்தோடு கொடுங்கள். முடியாது என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தாள் கையில் பொடிகிற நிலையில் இருந்தால் தைக்கவே வேண்டாம், வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அகல நாடாவால் லேசாகக் கட்டி வைத்தாலே போதும்.

செலோ டேப்

ஒட்டவே ஒட்டாதீர்கள்.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடுவது

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலா என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற ஊர் நம்முடையது. காற்றில் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டியே மாதக்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? சுவருக்கும் அலமாரிக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக் கதவை வெயில் காயும் நாட்களில் திறந்து வையுங்கள், ஆனால் புத்தகத்தை முற்றத்து வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் மொரமொரப்பாகிவிடும்.

பாச்சை உருண்டையை நம்புவது

நாற்றம்தான் மிச்சம். தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி இருக்கிற புத்தகத்தைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக் கூடாது, குளிர் முழுக்க விட்ட பிறகுதான் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் வியர்த்துவிடும்.

முதல் பதிப்பு மட்டும் போதும் என்பது

திருத்திய இரண்டாம் பதிப்பில் ஆசிரியரே எழுதிய புது முன்னுரை இருக்கலாம். இரண்டையும் வாங்குங்கள்.

வீட்டில் சொல்லாமல் சேர்ப்பது

பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமானார். அவர் சேர்த்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான் 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகம் ஆனது. திருவனந்தபுரத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த வையாபுரிப்பிள்ளையின் நூல்கள் கல்கத்தா தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இப்படி வழி கிடைக்காத தொகுப்புகள்தான் ஆக்ரிக் கடையில் நம் கைக்கு வருகின்றன. ஆள் போன மாதமே மகன் வண்டி பிடித்து ஏற்றிவிடுகிறான், அவனுக்கு எது எதுவென்று யாரும் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் போட்டு, பெயர், வருடம், அச்சுக்கூடம் எல்லாம் எழுதுங்கள். எந்த நூலகத்தைக் கூப்பிட வேண்டும் என்று அதன் முதல் பக்கத்தில் போன் நம்பரோடு குறித்து, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் காட்டி வையுங்கள்.