அடிமைக்கால நாவலில் குயர் காதலை வாசிக்க

'அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?' அமெரிக்க அடிமைகளிடையே குயர் காதல், அதாவது ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் காதலிப்பது என்றதும், இந்தக் கேள்வியோடுதான் நானும் தொடங்கினேன். முதலில் அதை இறக்கி வையுங்கள். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாற்றில் லூக் என்றோர் அடிமை வருகிறான். நோயில் கிடக்கும் எஜமானின் கட்டிலோடு அவனைச் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். நினைத்தபோது அடிக்க வசதியாக உடம்பில் சட்டை மட்டும். எஜமானின் மற்ற வக்கிரங்கள் சொல்லக் கூசும் அசிங்கம் என்று ஜேக்கப்ஸ் நிறுத்திக்கொள்கிறார். கொடுமைக்கு இப்படி ஒரு தடமாவது மிஞ்சியது. காதலை யார் எழுதி வைத்தார்கள்? நாவலாசிரியர்களுக்கு அந்த வெற்றிடத்தில்தான் வேலை.

ராபர்ட் ஜோன்ஸ் ஜூனியரின் 'தி ப்ராஃபெட்ஸ்' (2021) நாவலில் தொடங்கலாம். மிசிசிப்பியில் ஒரு பருத்தித் தோட்டம், அதன் கால்நடைக் கொட்டகையில் சாமுவேலும் ஐசையாவும். முதல் வாசிப்பில் சாட்டை வரும் பக்கங்களே எனக்கு மனதில் நின்றன. இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, அவர்கள் இருவர் மட்டும் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். சாமுவேலின் கோபமும் ஐசையாவின் மென்மையும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும்.

அப்புறம், இந்தக் காதல் யாருக்கு இடைஞ்சல் என்று பாருங்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662லேயே வர்ஜீனியா சட்டம் போட்டது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவதை அமெரிக்கா தடைசெய்தபின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் முதலாளிக்கு இன்னும் பெரிய சொத்து. பிள்ளை தராத இரண்டு ஆண்கள் அவன் கணக்கில் நஷ்டம். அவர்களுக்கு எதிராக பைபிளைக் காட்டிப் பேசும் ஏமோஸும் அடிமைதான்; தான் நேசிக்கும் எஸ்ஸியை முதலாளியிடமிருந்து காப்பாற்றத்தான், அவனுக்காகப் பிரசங்கம் செய்யும் அந்தப் பேரத்துக்கே போகிறான். அவனை வில்லன் என்று ஒதுக்கிவிட்டால் நாவலின் பாதி வலி கைநழுவிவிடும்.

இன்றைய அடையாளப் பெயர்களை அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். தென் அமெரிக்க நாடான சுரிநாமில் 'மாட்டி' என்றொரு சொல் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே அடிமைக் கப்பலில் கடத்திவரப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அழைத்த சொல் அது. பின்னாளில் பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கும் அதுவே பெயரானது. எனக்கு அது எந்த அகராதி விளக்கத்தையும்விடப் பெரிது.

அடுத்து ஜுவெல் கோமஸின் 'தி கில்டா ஸ்டோரீஸ்' (1991). 1850இல் லூசியானாவில் தப்பி ஓடும் ஒரு சிறுமி ரத்தக்காட்டேரியாகி, பெண்களைக் காதலித்து, 2050 வரை வாழ்கிறாள்.